சாமிக்குக் கொடுத்த ஸ்பேனர்

ஆயுத பூஜையன்று நம் பட்டறையில் இருக்கிற எல்லா ஆயுதங்களும் துடைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருக்கும். வீல் ஸ்பேனர் மட்டும் என் காலடியில் கிடக்கும். ஏன் என்று, தம்பிகளே, நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். பெருசு கறுப்புச் சட்டைக் கட்சி என்று உங்களுக்குள் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. நான் மாதம் தவறாமல் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போகிறவன். அது உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் பேசினீர்கள்.

வேலையை விட்டு உட்கார்ந்த பிறகு இதை எழுதி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நேரில் சொன்னால் நடுவில் டீ வரும், யாராவது லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், நீங்கள் எழுந்து போவீர்கள். அதைச் சாக்காக வைத்து நானும் தப்பித்துக்கொள்வேன். இத்தனை வருடம் அப்படித்தான் தப்பித்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் தப்பைச் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், மூன்று மைல் ஓடி நின்றுவிடும் ஒரு பழைய லாரி என்னிடம் வந்தது. பத்து நிமிடம் நின்றால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். டீசல் பம்ப்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். கழற்றினேன், பூட்டினேன், திரும்பவும் கழற்றினேன். இரண்டு நாள் போயிற்று. கடைசியில் டேங்கைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சாக்குத் துண்டு மிதக்கிறது. பீப்பாயிலிருந்து டீசலை வடிகட்டி ஊற்றின சாக்கு. வண்டி ஓடும்போது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நின்றால் விலகிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு வருடம் பட்டறையில் என் பெயர் சாக்கு டாக்டர். எனக்குக் கோபம் வந்தாலும் கூடவே சிரித்துக்கொண்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் சிரிக்க முடிந்தது.

இனி சொல்லப்போவது அப்படிப்பட்டது இல்லை.

அறுபதுகளின் கடைசியில் நம் பட்டறை காரைக்குடி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் நடந்தது. பிட்டர் என்று இரண்டு பேர். நான் ஒருவன், என்னைவிட நாலைந்து வயது இளையவனான சோலை ஒருவன். அப்போது எங்களிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. வீல் நட்டு ஒவ்வொன்றையும், ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி முழு மூச்சாக முறுக்கிய பிறகு, முறுக்கினவன் அதன் தலையில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைக்க வேண்டும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்புதான். அதற்காகவே வாசல் தூணில் ஒரு டப்பா தொங்கும். பொட்டு இருந்தால் அந்த நட்டு முடிந்தது, இல்லையென்றால் முடியவில்லை. இன்னொரு வழக்கம், வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பும்போது வேலை பார்த்த பிட்டர் முன்னால் வந்து பானெட்டில் இரண்டு தட்டு தட்டுவது. அந்தத் தட்டு விழாமல் எந்த டிரைவரும் கியர் போட மாட்டார்.

அந்தத் தட்டுக்குக் கட்டுப்படுகிறவர்களில் முதல் ஆள் கருப்பையா அண்ணன். கல்லல் பக்கத்துக்காரர். செட்டியார் வீட்டு லாரி ஒன்றைப் பதினைந்து வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள், அதிகம் பேச மாட்டார். முருக பக்தர். எதற்கும் திருநீறுதான், குங்குமம் கூட வைக்க மாட்டார். வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவரின் வண்டியில்தான் அந்த வருடம் ஆயுத பூஜையன்று முன்பக்க இடது வீலைக் கழற்றி, பிரேக் லைனர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

வேலை முடியும்போது மணி நாலரை. வீலை ஏற்றி, எட்டு நட்டையும் கையால் ஓட்டி, ஜாக்கியை இறக்கினேன். குழாய் போட்டு முறுக்குவது ஒன்றுதான் பாக்கி. உடம்பெல்லாம் கிரீஸ். பூஜை ஐந்து மணிக்கு, குளிக்காமல் நிற்க முடியாது. ஸ்பேனரைச் சோலையிடம் கொடுத்து, இதை முறுக்கிவிட்டு ஸ்பேனரைச் சாமியிடம் வைத்துவிடு என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன்.

ஒரு வேலையைப் பாதியில் கைமாற்றிவிட்டேன். அதை அப்போது நான் தப்பாக நினைக்கவில்லை.

நான் குளிக்கப் போன பிறகு நடந்ததை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். சோலை ஸ்பேனரைக் கையில் எடுத்த நேரத்தில் முதலாளி கூப்பிட்டிருக்கிறார். எல்லா ஆயுதமும் வந்தாயிற்று, வீல் ஸ்பேனர் எங்கே, நேரமாகிறது, கொண்டு வா என்று அவசரப்படுத்தியிருக்கிறார். ஒரு நிமிடம் முதலாளி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். சாமி முன்னால் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜைக்குச் சூடம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். பரவாயில்லை, வண்டி நாளை மதியம்தானே போகிறது, காலையில் முறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். பூஜைச் சந்தடியில் அதை என்னிடம் சொல்ல மறந்துவிட்டான்.

பொரி கடலை கொடுத்து முடித்து நாங்கள் வீட்டுக்குப் போன பிறகும் கருப்பையா அண்ணன் பட்டறையில் இருந்திருக்கிறார். தன் வண்டிக்கு வாழைக்கன்று கட்டியிருக்கிறார், மாலை போட்டிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் போதும்.

விஜயதசமி காலை ஏழு மணிக்கு நான் பட்டறைக்கு வந்தபோது, வண்டி வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறது. முன் வீல்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். செட்டியார் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது. நல்ல நேரம் ஏழரையோடு முடிகிறதாம், வருடத்தின் முதல் நடை, ஸ்டேஷன் கிட்டங்கியில் உப்பு ஏற்றிக்கொண்டு சிவகங்கை போக வேண்டுமாம். உப்பு லட்சுமி, அது முதலில் போக வேண்டும் என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். சோலையைத் தேடினேன், காணவில்லை. மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தான். முதலாளி இன்னும் வரவில்லை. சூடம் காட்டவில்லை. ஸ்பேனர் செவ்வந்திப் பூவுக்கு அடியில் சாமி முன்னால் கிடந்தது.

இடது வீலைப் பார்த்தேன். எட்டு நட்டிலும் வெள்ளைப் பொட்டு.

எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. பொட்டு பெரிதாக இருந்தது. சோலை சுண்டுவிரல் நுனியில் தொட்டு வைப்பான், இது கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டில் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சூடம் காட்டாத சாமியிடமிருந்து ஆயுதத்தை எடுக்க வேண்டும். வந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையில் கட்டின கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். வீட்டில் என் மனைவி அப்போது ஏழு மாதம். சாமி குற்றம் ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரு பயம் வேறு. பூஜை நாள் பாருங்கள், பய கொழுக்கப் பொட்டு வைத்திருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்திருந்தாலும் போதும். ஸ்பேனரே வேண்டாம், கண் மட்டும் போதும். அதையும் நான் செய்யவில்லை. முன்னால் போய்ப் பானெட்டில் இரண்டு தட்டு தட்டினேன். கருப்பையா அண்ணன் சிரித்துக்கொண்டே கியர் போட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளில் ஆள் வந்தது. கல்லல் தாண்டி நாலாவது மைலில் முன் வீல் கழன்று ஓடிவிட்டது. வண்டி கண்மாய்ப் பக்கம் சரிந்து கிடக்கிறது. டிரைவருக்கு நெஞ்சில் அடி. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தன் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சம்சாரியின் மேல் அந்த வீல் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. உப்பு மூட்டைகள் உடைந்து, சரிவில் இறங்கி, பாலத்துக்குக் கீழே இருந்த வயல் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மழையில் கரைந்து நாற்றங்கால் வரை ஓடிக்கொண்டிருந்தது. செத்துப்போனவருடைய வயல்தான் அது. ஊர்ச்சனம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். காலையில் சுற்ற வேண்டிய சுற்றை அப்போது சுற்றினேன். வலது பக்க வீல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதன் நட்டுகளிலும் வெள்ளைப் பொட்டு. அந்தப் பக்கத்தை நாங்கள் தொடவே இல்லை. பின் வீல்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பொட்டு. ஒரு பொட்டை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு என்றால் சுருக்கென்று இருக்கும். இது சாம்பல். தண்ணீரில் குழைத்த திருநீறு.

முதல் நாள் சாயங்காலம் நாங்கள் போன பிறகு கருப்பையா அண்ணன் ஒவ்வொரு வீலாகக் குனிந்து, ஒவ்வொரு நட்டுக்கும் திருநீற்றுப் பொட்டு வைத்திருக்கிறார். எங்கள் சுண்ணாம்புக் கணக்கு டிரைவர்களுக்குத் தெரியாது, நாங்கள் சொன்னதும் இல்லை. தன்னைக் காப்பாற்றுகிற வண்டிக்கு அவர் செய்த மரியாதை அது. அவர் வைத்ததை நான் சோலை வைத்ததாக எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சோலையைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டேன்.

“நான் முறுக்கலைண்ணே. மொதலாளி ஸ்பேனரக் கேட்டாக, குடுத்துட்டேன். வண்டி மத்தியானந்தேன் போகும்னு நெனச்சேன். போலீசுல சொல்லிருவமாண்ணே?”

அவன் சொல்லிவிடலாம் என்றான். வயதில் சின்னவன், அவனுக்குத் தோன்றியது. நான்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே ஜெயிலுக்குப் போகப் போகிறாயா என்று கேட்டேன். அவன் அழுதான். நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால், அன்று அவன் வாயை அடைத்ததைத்தான் சொல்வேன். அடுத்த தைக்குள் அவன் சொல்லாமல் கொள்ளாமல் திருச்சிப் பக்கம் போய்விட்டான். கெட்டிக்கார பிட்டர். பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை.

முதலாளி அன்று இரவு வரை காத்திருக்கவில்லை, விளக்கு வைப்பதற்கு முன்பே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பட்டறை மேல் பழி வந்தால் சீல் வைத்துவிடுவார்கள், இதை நம்பி இத்தனை குடும்பம் இருக்கிறது, பார்த்துப் பேசு என்று மட்டும் சொன்னார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்வையிட வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் பொட்டெல்லாம் கழுவிப் போயிருந்தது. கருப்பையா அண்ணனை நெஞ்சில் கட்டோடு போலீஸ்காரர் கூட்டி வந்திருந்தார். அவரால் நேராக நிற்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் வேற்றூர்க்காரர், மரியாதையாகத்தான் பேசினார். கழன்ற வீலில் வேலை பார்த்தது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“நட்டுகளை முழுசா முறுக்கினீங்களா?”

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஆமாம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் நான் உள்ளே. நான் இரண்டையும் சொல்லவில்லை.

“எட்டு நட்டுலயும் வெள்ளப் பொட்டு இருந்துச்சு சார். நாங்க முறுக்காம சுண்ணாம்புப் பொட்டு வைக்க மாட்டோம்.”

இரண்டு வாக்கியம். பிரித்துப் பாருங்கள், இரண்டுமே உண்மை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அதைவிடப் பெரிய பொய் கிடையாது. இன்ஸ்பெக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். கருப்பையா அண்ணன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார்.

“பட்டறைல சரியாத்தேன் குடுத்தாக. நாந்தேன் வெரசா ஓட்டிட்டேன்” என்றார் அவர்.

அவர் வாழ்க்கையில் வேகமாக ஓட்டினதே கிடையாது. மாட்டு வண்டிக்கும் ஒதுங்கி நிற்கிற மனிதர்.

கோர்ட்டிலும் அவர் அதையே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்று எழுதுகிறேனே, அதுவும் பாதி உண்மைதான். அன்று நான் கோர்ட்டுக்குப் போனேன். உள்ளே போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பி, வாசலில் இருந்த புளியமரத்தடி வரைக்கும் போனேன். பத்து நாளைக்கு முன்புதான் எனக்கு மகள் பிறந்திருந்தாள். மரத்தடியிலேயே அரைமணி நேரம் நின்றேன். பிறகு பஸ் ஏறி வந்துவிட்டேன். அவருக்கு ஆறு மாதம் தண்டனை. லைசென்சும் போய்விட்டது.

அந்த வருடம் முழுக்க நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஒரே நட்டை மூன்று முறை முறுக்குவேன். என் வேலை சுத்தம் என்று கஸ்டமர்கள் பாராட்டினார்கள். பாராட்டு வரும்போதெல்லாம் செத்துப்போகலாம் போல இருக்கும்.

அடுத்த ஆயுத பூஜை நெருங்கியது. அதற்குள் கருப்பையா அண்ணன் வெளியே வந்துவிட்டார் என்று தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரிந்தும் உட்காரச் சொல்லவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, “அங்கிட்டுத்தேன், நாலாவது மைலுக்கு. தெனமும் அங்கிட்டுத்தேன் போறாக. வேற எங்க போவாக?” என்றார்.

நடந்தே போனேன். பாலத்துக்குக் கீழே அந்த வயலில், கோவணத்தோடு நின்று மேல்மண்ணை மம்பட்டியால் வழித்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார் கருப்பையா அண்ணன். உப்புக் கரைந்த வயல். போன வருடம் நாற்று கருகிவிட்டது, அதற்குப் பிறகும் ஒன்றும் முளைக்கவில்லை. ஜெயிலிலிருந்து வந்த மறுநாளே, செத்துப்போனவருடைய மனைவியின் வீட்டு வாசலில் போய் விழுந்திருக்கிறார். அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் பேசாமல் வயலில் இறங்கிவிட்டார். உப்பு மண்ணை வழித்தெடுப்பது, கண்மாய்த் தண்ணீரைப் பாய்ச்சி நிறுத்தி வடிப்பது, மறுபடி வழிப்பது. யாரும் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இதெல்லாம் ஊர்க்காரர் ஒருவர் வழியில் எனக்குச் சொன்னது.

நான் வரப்பில் நின்றேன். அவர் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

“அண்ணே, அன்னைக்கு இன்ஸ்பெக்டர்ட்ட நான் சொன்னது…”

“தெரியும்ப்பா.”

“எப்பத் தெரியும்?”

“நீ பொட்டுன்னு வாயத் தெறந்தேல்ல, அப்பவே. அந்த வீலுக்குத் திருநீறு வச்சது நானு. நீக முறுக்கிச் சுண்ணாம்பு வச்சிருந்தா எனக்கு வைக்க அதுல எடம் ஏது?”

ஏன் அண்ணே அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மம்பட்டியை ஊன்றி நின்றார்.

“நாஞ் சொல்லி நீ ஒத்துக்கிட்டா அதுல என்ன இருக்கு. நீயாச் சொல்லுவேன்னு நெனச்சேன். கோர்ட்டுலயும் வாசலப் பாத்துக்கிட்டே நின்னேன்.” மம்பட்டியில் ஒட்டின மண்ணைக் காலால் தட்டிவிட்டுச் சொன்னார். “நீ வந்தே. மரத்தடில நின்னே. சன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு.”

அவர் திட்டியிருந்தால் பிழைத்துப் போயிருப்பேன். குரலில் கோபமே இல்லை. ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் வரப்பிலிருந்து இறங்கி, ஓரத்தில் கிடந்த இன்னொரு மம்பட்டியை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் ஏறும் வரை இரண்டு பேரும் மண் வழித்தோம். அந்த மண்ணின் வெள்ளைப் பொருக்கு கால் வெடிப்பில் ஏறி எரிந்தது.

தம்பிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வராது. பாதி வேலையைக் கைமாற்றாதீர்கள். மாற்றினால், முடித்தாயா என்று அந்த ஆளின் வாயால் கேளுங்கள். பொட்டை நம்பாதீர்கள், நட்டை நம்புங்கள். கடிகாரத்தை யார் நீட்டினாலும் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்புறம் தட்டுங்கள். சந்தேகம் வந்தால் சாமி மடியில் இருந்தாலும் ஸ்பேனரை எடுங்கள், சாமி கோபிக்காது. இவையெல்லாம் கையால் செய்கிற தப்புகள். பழகினால் தவிர்த்துவிடலாம். தப்பு நடந்த பிறகு எவனாவது ஒருவன் வந்து, முறுக்கினாயா என்று நேராகக் கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்கு எந்தப் பட்டறையிலும் யாரும் பழக்கித் தர மாட்டார்கள். அதில் நான் தேறவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். கரையிலிருந்து ஓர் அம்மா தலையில் தூக்குச் சட்டியோடு வந்தார். பொட்டில்லாத நெற்றி. யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் இப்படிக் கஞ்சி கொண்டுவர ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியாது. கருப்பையா அண்ணனிடம் அவர் பேசவில்லை. சட்டியை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீக யாரு?”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இன்ஸ்பெக்டர் முன்னால் ஒன்று, கோர்ட்டு மரத்தடியில் ஒன்று, இது எனக்கு மூன்றாவது முறை. கருப்பையா அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று ஜன்னல் வழியாகவும் இப்படித்தான் பார்த்திருப்பார்.

“கூட வேலை பாக்க வந்தேன் ஆத்தா” என்றேன்.

கருப்பையா அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்காலில் கை கழுவப் போனார்.

அந்த அம்மா ஒரு கும்பாவில் கஞ்சியை ஊற்றி, ஒரு வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, என் கையில் கொடுத்தார். நான் குடித்தேன். அவர் கரையில் குந்தி உட்கார்ந்து நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்புப் போதுமா தம்பி?” என்று கேட்டார்.

போதும் என்றேன்.